எந்த நூலுக்கு எந்தப் பக்கம்? மின்னூலின் பக்க அமைப்பைத் தெரிவு செய்தல்

கவிதைத் தொகுதி, பாடசாலை ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், ஊர் வரலாறு, கடற்றொழிலாளர் சங்கத்தின் கையேடு என்று திருகோணமலையில் வெளியீடுகளுக்குக் குறைவில்லை. அச்சகத்துக்கென்று தயாரித்த பிடிஎஃப் கோப்பே பெரும்பாலும் அவற்றின் மின்பதிப்பாகவும் ஆகிவிடுகிறது. வட்ஸ்அப்பில் வந்த அந்தக் கோப்பைத் திறப்பவர் எழுத்தை விரலால் பெரிதாக்குகிறார், வரியின் மறுமுனைக்குப் பக்கத்தை இழுக்கிறார், அடுத்த வரிக்காகத் திரும்பவும் இழுக்கிறார். இரண்டு பக்கங்களுக்கு மேல் அப்படி வாசிக்கப் பொறுமை இருப்பவர் குறைவு. மாதக்கணக்காக உழைத்து எழுதிய நூல் வாசிக்கப்படாமலே கிடப்பதற்குப் பக்க அமைப்பு ஒன்றே போதுமான காரணம்.

மின்வெளியீட்டுத் தளம் எதுவானாலும் கோப்பை ஏற்றும்போது பக்க அமைப்பைப் பற்றிய கேள்வி வரும். அதற்கு எப்படி விடை காண்பது என்பதை இந்த அத்தியாயம் திருகோணமலையின் நூல்களையும் தேவைகளையும் கொண்டே விளக்குகிறது.

இரண்டு வகைப் பக்கங்கள்

தளங்கள் காட்டும் வார்ப்புருக்கள் எத்தனை இருந்தாலும் அடிப்படையில் பக்கம் இரண்டே வகை.

முதலாவது நெகிழும் பக்கம். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கித் திரையின் அகலத்துக்குள் அடங்கும். பக்க எண்ணிக்கையும் அதற்கேற்ப மாறும். ஈபப் கோப்பு இந்த வகைக்கென்றே உருவானது. 2007இல் அதன் இரண்டாம் பதிப்பும் 2011இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. இப்போது உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதன் தரவிதிகளைப் பேணுகிறது, 3.3 பதிப்பை 2023இல் வெளியிட்டது.

இரண்டாவது நிலையான பக்கம். இதில் ஒவ்வொரு எழுத்தும் படமும் வைத்த இடத்திலேயே நிற்கும். 1993இல் அடோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய பிடிஎஃப் இந்த வகை. ஈபப்பின் மூன்றாம் பதிப்பிலும் நிலையான பக்கத்துக்கு இடமுண்டு. சிறுவர் படக்கதைகளும் சித்திர நூல்களும் அப்படி வருகின்றன.

பக்கத்தைப் புரட்டுவதுபோல் அசைவு காட்டும் தளங்களும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவைதான். அசைவு கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் கைப்பேசியில் எழுத்தின் அளவை அது ஒரு புள்ளிகூடக் கூட்டித் தராது.

முதலில் ஒரு கணக்கு

சாதாரணக் கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 70 மில்லிமீற்றர். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். ஏ4 பக்கம் திரைக்குள் அடங்கும்போது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நீங்கள் 12 புள்ளியில் கோத்த எழுத்து 4 புள்ளியாகத் தெரிகிறது. கவிதை நூல்களுக்கு விரும்பிப் பயன்படும் ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீற்றர். அதிலும் 12 புள்ளி எழுத்து 6 புள்ளியைத் தொடாது. செய்தித்தாளின் எழுத்தே 9 புள்ளி அளவில் இருப்பது. இந்தக் கணக்கைச் செய்து பார்த்தவர் ஏ4 பிடிஎஃப்பை மின்னூல் என்று சொல்லத் தயங்குவார்.

பிடிஎஃப்தான் வேண்டும் என்றால் பக்கத்தைச் சிறிதாக்குங்கள். 90 மில்லிமீற்றர் அகலமுள்ள பக்கத்தில் 12 புள்ளியில் கோத்தால் கைப்பேசியில் 9 புள்ளிக்குச் சற்று மேலாகத் தெரியும், சிரமமின்றி வாசிக்கலாம். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஏ4 பிடிஎஃப்போடு 6 அங்குலத் திரைக்கான பிடிஎஃப்பையும் ஈபப்பையும் தனித்தனியே தந்து வந்திருப்பது இதனால்தான். வாசகர் எந்தக் கருவியைக் கையில் வைத்திருக்கிறாரோ அதற்குரிய பக்கத்தை அவரே எடுத்துக்கொள்கிறார்.

தெரிவுக்கு ஒரே அளவுகோல்

எந்த நூலைக் கையில் எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: பக்கத்தில் ஒன்று நிற்கும் இடத்திலேயே அதன் பொருள் அடங்கியிருக்கிறதா?

இல்லை என்றால் நெகிழும் பக்கம். ஆம் என்றால் நிலையான பக்கம். நாவலில் ஒரு வாக்கியம் பக்கத்தின் மேலே வந்தாலும் கீழே வந்தாலும் கதை மாறாது. வரைபடத்தில் மூதூர் என்ற பெயர் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலிருந்து நகர்ந்தால் படம் பொய்யாகிவிடும். பெரும்பாலான நூல்கள் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கின்றன. அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து முடிவெடுக்க வேண்டும்.

நாவல், சிறுகதை, கட்டுரை

திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். அது போன்ற ஒரு நூலை இன்று மறுபதிப்புச் செய்வதாக எடுத்துக்கொள்வோம். உரைநடை முழுவதும் நெகிழும் பக்கத்துக்கு உரியது. 1895இன் அச்சில் ணா, றா, னா, ணை, லை போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின்பே இன்றைய வடிவம் பரவியது. அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. யூனிகோடில் இரண்டுக்கும் குறியீடு ஒன்றே, எழுத்துருதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வாசகருக்கு இன்றைய வடிவத்தைக் கொடுங்கள்.

உரைநடைப் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. வரியின் இடப்பக்கத்தை மட்டும் நேராக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைப்பேசியின் ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் அமைவது அரிது. இரு பக்கமும் நேராக்கினால் சொற்களுக்கிடையே பெரிய இடைவெளிகள் விழுந்து கண் தடுமாறும்.

2. வரிகளுக்கிடையே எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இடம் விடுங்கள். தமிழில் புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் மேலே ஏறும், உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும். நெருக்கிக் கோத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதும்.

3. அத்தியாயத் தலைப்பை எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் காட்டாதீர்கள். மென்பொருளின் தலைப்புப் பாணியைப் பயன்படுத்துங்கள். அதிலிருந்துதான் தொட்டால் நகரும் உள்ளடக்கம் தானாக உருவாகிறது.

4. பத்தி தொடங்கும் இடத்தை வெற்றிட விசையால் தள்ளாதீர்கள். புதிய பக்கத்துக்கு வரிவிசையைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். அச்சில் பொருந்திய அந்த வெற்றிடங்கள் நெகிழும் பக்கத்தில் காரணமில்லாத பள்ளங்களாகத் தெரியும்.

செய்யுளும் கவிதையும்

நிலையான பக்கமா, நெகிழும் பக்கமா என்று அதிகம் தடுமாற வைப்பது செய்யுள்தான். கவிராசவரோதயரின் ‘கோணேசர் கல்வெட்டு’ பாட்டும் உரைநடையும் கலந்த நூல். அதன் உரைநடைப் பகுதி எப்படி மடங்கினாலும் பாதகமில்லை. விருத்தம் அப்படியல்ல. நான்கு அடிகளின் எதுகை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போதுதான் கண்ணும் காதும் சேர்ந்து பாட்டை வாசிக்கின்றன. நீண்ட அடி கைப்பேசியில் தன்போக்கில் மடங்கினால் எந்த வரி அடியின் தொடக்கம், எது மிச்சம் என்று தெரியாமல் போகும்.

அதற்காகச் செய்யுள் நூல் முழுவதையும் படமாக்கி வைப்பது தவறு. தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் அதை வாசிக்காது. சரியான வழி, அடியின் முதல் வரியை ஓரத்திலும் மடங்கும் வரிகளைச் சற்று உள்ளேயும் நிறுத்தும் அமைப்பு. இதைத் தொங்கும் உள்தள்ளல் என்பார்கள். எல்லாத் தரமான மென்பொருள்களிலும் பத்திப் பாணியில் இந்த வசதி உண்டு. இப்படிச் செய்தால் திரை எவ்வளவு குறுகினாலும் எதுகைகள் இடது ஓரத்திலேயே வரிசையாக நிற்கும். அதோடு ஒரு பாட்டு இரண்டு திரைகளில் பிளவுபடாமல் இருக்க, பத்தியைப் பிரிக்காதே என்ற அமைப்பையும் தெரிவு செய்யுங்கள்.

உரையோடு வரும் செய்யுள் நூலில் பாட்டு, பதவுரை, விளக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். அச்சில் அழகாக இருக்கும் இருநிரல் அமைப்பு கைப்பேசியில் இரண்டு சொல் அகலமுள்ள கீற்றுகளாகிவிடும். அடிக்குறிப்பு எண்ணைத் தொட்டால் குறிப்புக்கும், குறிப்பைத் தொட்டால் விட்ட இடத்துக்கும் செல்லும் இருவழி இணைப்பைக் கட்டாயம் கொடுங்கள்.

புதுக்கவிதைக்கும் இதே அமைப்பு போதும். சொற்களைப் பக்கத்தில் சிதறவிட்டு உருவம் காட்டும் காட்சிக் கவிதைக்கு மட்டும் நிலையான பக்கம் தேவை.

வரைபடமும் அட்டவணையும்

திருகோணமலை மாவட்டம் வடக்கே புல்மோட்டையிலிருந்து தெற்கே வெருகல் வரை கடலோரமாக நீண்டு கிடக்கிறது. இது மின்னூலுக்கு வசதியான உருவம். மாவட்ட வரைபடத்தை நெட்டுவாக்கில் ஒரு முழுத் திரையாக வைக்கலாம். உட்துறைமுகம், சீனக்குடா, தம்பலகாமக் குடா, கிண்ணியா ஆகியவற்றை அதே படத்துக்குள் நெருக்காமல் இரண்டாவது படமாகப் பெரிதாக்கிக் கொடுங்கள். முதற்படம் முழு நிலத்தைக் காட்டட்டும். இரண்டாவது படம் துறைமுகத்தின் வளைவுகளைக் காட்டட்டும்.

வரைபடத்தில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஏ4 தாளுக்கு வரைந்த படத்தை அப்படியே சுருக்கினால் ஊர்ப் பெயர்கள் வாசிக்க முடியாதபடி சிறுத்துவிடும். படத்தைச் சுருக்கிய பிறகே பெயர்களை எழுத வேண்டும். ஒளிபுகும் பின்னணியுள்ள படத்தை வைத்தால் இரவு வாசிப்பு முறையில் கறுப்புக் கோடுகள் கறுப்புத் திரையில் மறைந்துபோகும். வெள்ளைப் பின்னணி கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரியில் மாற்று விளக்கமும் எழுதுங்கள்.

அட்டவணைக்கு மூன்று நிரல்கள் என்பதே கைப்பேசியின் எல்லை. மீனின் பெயர், பருவம், வலை வகை, ஆழம், விலை, குறிப்பு என்று ஆறு நிரல்கள் கொண்ட அட்டவணை கடற்றொழிலாளர் கையேட்டில் வருமானால் அதைத் தனித்தனிக் குறிப்புகளாகப் பிரியுங்கள். சூரைக்கு ஒன்று, பாரைக்கு ஒன்று, அறக்குளாவுக்கு ஒன்று. மீனின் பெயர் தலைப்பாகவும் மற்றவை கீழே ஐந்து சிறு வரிகளாகவும் வரட்டும். தோணியில் இருப்பவர் ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்தே வாசிக்கலாம். அட்டவணையைப் படமாக எடுத்து ஒட்டுவது எளிதாகத் தோன்றும், ஆனால் அடுத்த ஆண்டு ஒரு விலையைத் திருத்த வேண்டியிருந்தால் முழுப் படத்தையும் புதிதாகச் செய்ய வேண்டிவரும்.

இருமொழி, மும்மொழி வெளியீடுகள்

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. கிழக்கு மாகாண சபையின் தலைமையகமும் இங்கேதான் இருக்கிறது. சுகாதாரக் கையேடு, அனர்த்த முன்னெச்சரிக்கைக் கையேடு, சுற்றுலா வழிகாட்டி எதுவானாலும் தமிழிலும் சிங்களத்திலும், பல வேளைகளில் ஆங்கிலத்திலும் வர வேண்டியிருக்கும். அச்சில் மூன்று நிரல்களாக அல்லது எதிரெதிர்ப் பக்கங்களாக இவற்றை வைப்பார்கள். கைப்பேசியில் அந்த இரண்டுமே பயன்படா.

வாசகர் ஒரு மொழியில் மட்டும் வாசிக்கப் போகிறார் என்றால் மூன்று தனி மின்னூல்களாக வெளியிடுங்கள். கோப்பு சிறிதாகும், இணையச் செலவும் குறையும். மொழிகளை ஒப்பிட்டு வாசிப்பதே நோக்கம் என்றால், உதாரணமாக இரண்டாம் மொழி கற்பிக்கும் நூலில், ஒரு பத்தி தமிழ், அதன்கீழ் அதே பத்தி சிங்களம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டு வகையிலும் ஒவ்வொரு பகுதியும் எந்த மொழி என்று கோப்புக்குள் குறித்துவிட வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால்தான் கருவி உரிய எழுத்துருவை எடுக்கும். திரைவாசிப்பானும் தமிழைத் தமிழாக உச்சரிக்கும்.

மலர்களும் பழைய ஆவணங்களும்

ஆண்டு மலரிலும் கும்பாபிஷேக மலரிலும் தொடக்கத்தில் ஆசிச் செய்திகளும் வாழ்த்துச் செய்திகளும் புகைப்படங்களோடு பக்கம் பக்கமாக வரும். அச்சு மலரில் அவற்றை ஒரு விரற்தட்டலில் கடந்துவிடலாம். கைப்பேசியில் முதற்கட்டுரையைத் தேடி வெகுதூரம் உருட்ட வேண்டும். மின்பதிப்பில் அவற்றைப் பின்னிணைப்பாக வைத்து உள்ளடக்கத்தில் இணைப்புக் கொடுங்கள். மரியாதையும் குறையாது, மாணவரின் கட்டுரையும் முதலிலேயே கண்ணில் படும். படத்தொகுப்பை மட்டும் நிலையான பக்கங்களாக வையுங்கள்.

பழைய ஆவணத்துக்கு முறை வேறு. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம் நூல்களைப் பக்கப் படங்களாகவே பாதுகாக்கிறது. அந்தத் தெரிவு சரியானது. பழைய நூலில் அச்சகத்தின் பெயர், ஓரக் குறிப்பு, கிழிந்த இடம் எல்லாமே சான்றுகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வருடி மூலப் பிரதியைத் தனியே காப்பாற்றுங்கள். பகிர்வதற்கு அளவு குறைத்த ஒரு பிரதியைச் செய்துகொள்ளுங்கள். அதே நூலைப் பொதுவாசகரும் வாசிக்க வேண்டுமானால் எழுத்துணரி கொண்டு எழுத்தாக்கி, மூலத்தோடு வரிவரியாக ஒப்புநோக்கி, நெகிழும் பதிப்பும் தாருங்கள். பழைய அச்சில் ரகரமும் காலும் ஒரே தோற்றத்தில் இருப்பதால் எழுத்துணரி அங்கே அதிகம் பிழை செய்யும். மெய்ப்புப் பார்க்காமல் வெளியிடவே கூடாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை இணையப் பக்கமாகவும் பிடிஎஃப்பாகவும் தந்து, இரண்டு வாசிப்புக்கும் வழி திறந்து வைத்திருக்கிறது.

எழுத்துருவைச் சரிசெய்யாமல் பக்கம் அமையாது

இலங்கையில் அச்சுக்கோப்பவர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். அதில் கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்தல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. பிடிஎஃப்பில் அது சரியாகவே தெரியும். ஈபப்பாக மாற்றியதும் வாசகரின் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் கொட்டும். எனவே பக்க அமைப்பைத் தொடும் முன்பே முழுப் பிரதியையும் யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பாருங்கள்.

நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இலவசமானவை, மின்னூலுக்குள் பொதிந்து கொடுக்கவும் அனுமதி உண்டு. இன்டிசைனில் வேலை செய்பவர்கள் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்தால்தான் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமரும். செலவில்லாத வழி வேண்டுவோருக்கு லிப்ரே ஒஃபிஸ் போதும். 2018இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து அது ஈபப் கோப்பை நேரடியாக உருவாக்குகிறது. கிண்டில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்களை ஏற்கிறது, அதற்கும் ஈபப் கோப்பையே ஏற்றலாம். அங்கே அட்டைப்படத்துக்கு விரும்பப்படும் அளவு 2560 படப்புள்ளி உயரம், 1600 படப்புள்ளி அகலம்.

ஒரே நூலை ஈபப்பாகவும் பிடிஎஃப்பாகவும் வெளியிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி ஐஎஸ்பிஎன் வேண்டும். இலங்கையில் அதை வழங்குவது தேசிய நூலக மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபை.

வெளியிடும் முன் சோதனை

கணினியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். விலை குறைந்த அன்ட்ரொயிட் கைப்பேசி ஒன்றில் கோப்பைத் திறந்து கீழ்க்கண்டவற்றைச் சரிபாருங்கள்.

• எழுத்தை மிகப் பெரிதாகவும் மிகச் சிறிதாகவும் மாற்றும்போது எந்த வரியும் திரைக்கு வெளியே போகவில்லையா?

• ‘திருக்கோணேஸ்வரம்’, ‘கொட்டியாரக் குடா’, ‘கௌரி’, ‘ஸ்ரீ’ ஆகிய சொற்கள் உடையாமல் தெரிகின்றனவா?

• ஒரு ஊர்ப் பெயரைத் தேடினால் கிடைக்கிறதா? ஒரு பத்தியை நகலெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் தமிழாகவே வருகிறதா?

• இரவு முறையில் படங்களும் கோடுகளும் தெரிகின்றனவா?

• உள்ளடக்கத்தில் தொட்ட அத்தியாயம் திறக்கிறதா? அடிக்குறிப்பிலிருந்து திரும்பி வர முடிகிறதா?

• கைப்பேசியைக் கிடையாகத் திருப்பினாலும் செய்யுளின் அடிகள் ஒழுங்காக நிற்கின்றனவா?

பிறகு அதே கைப்பேசியை வயதில் மூத்த ஒருவரிடம் கொடுத்து ஓர் அத்தியாயம் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் உங்கள் அடுத்த திருத்தம்.

முடிவாக

ஐயம் வந்தால் நெகிழும் பக்கத்தையே தெரிவு செய்யுங்கள். நிலையான பக்கம் வேண்டும் என்பதற்குத்தான் நியாயம் காட்ட வேண்டும்: வரைபடம், படக்கதை, காட்சிக் கவிதை, ஆவணத்தின் பக்கப் படம் ஆகியவற்றுக்கு அந்த நியாயம் உண்டு. அச்சுக்குச் செய்த கோப்பு தயாராக இருக்கிறது என்பது நியாயமல்ல. திருகோணமலையின் நூல் நிலாவெளியிலும் மூதூரிலும் மட்டுமல்ல, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் கைப்பேசியிலும் திறக்கப்படப் போகிறது. அவர்கள் கடைசி வரி வரை வாசிக்கும்படி பக்கத்தை அமைத்துக் கொடுப்பது எழுதியவரின், பதிப்பிப்பவரின் கடமை. உங்கள் அடுத்த வெளியீட்டை அச்சகத்துக்கு அனுப்பும் அன்றே அதன் ஈபப் பதிப்புக்கான வேலையையும் தொடங்கிவிடுங்கள்.